டவர் இல்லாத இடம்

2021 நவம்பர். விடாத மழை. பென்னலூரில் நெடுஞ்சாலையை ஒட்டி, ஒரு கடைக்கு மேலே இருந்த மாடி அறையில் எனக்கு இரவு வேலை. ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைப் பக்கத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றி இறக்கும் ஷிப்ட் பஸ்களை நடத்தும் ஓர் ஒப்பந்ததாரரின் ‘கன்ட்ரோல் ரூம்’ அது. பேர்தான் பெரிசு. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு போன், ஒரு நோட்டு, நான்.

திரையில் ஒவ்வொரு பஸ்ஸும் ஒரு புள்ளி. ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. இடையில் எங்கேயாவது அதிக நேரம் சிவப்பாக நின்றால் நோட்டில் எழுத வேண்டும். வண்டி எண், இடம், எத்தனை நிமிடம். இதுதான் வேலை. காலையில் மேனேஜர் வந்து நோட்டைப் பார்ப்பார்.

அன்றைக்கு இரண்டாம் ஷிப்ட் விட்டு ஒரகடத்திலிருந்து கிளம்பிய ஒரு பஸ், வாலாஜாபாத் தாண்டி, உத்திரமேரூர் தாண்டி, வந்தவாசி ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது சிவப்பாக மாறியது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரை மணி. டிரைவருக்கு போன் போட்டேன், ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்றது. ஐம்பத்திரண்டு நிமிடம் கழித்து அந்தப் புள்ளி இருந்த இடத்திலிருந்து ஒரே தாவாகத் தாவி, மானாம்பதிக்கு அப்பால் போய்ப் பச்சையாக எழுந்தது. நான் நோட்டில் எழுதினேன்: ‘உத்திரமேரூர் தாண்டி 52 நிமிடம் நிறுத்தம். காரணம் தெரியவில்லை.’

மறுநாளே டிரைவருக்குச் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள்.

சாயங்காலம் அவர் மாடியேறி வந்தார். ஐம்பது வயதிருக்கும். கத்தவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

“தம்பி, நான் எங்கயும் நிறுத்தல. அந்த ரோட்டுல டவர் கெடையாது. வண்டியில மாட்டி வச்சிருக்கீங்களே ஒரு டப்பா, அது டவர் இல்லன்னா வேலை செய்யுமா?”

“செய்யாதுண்ணா. நெட் இல்லன்னா அது சும்மா கெடக்கும்” என்றேன். அப்படித்தான் நான் நம்பியிருந்தேன்.

“அப்ப சும்மா கெடந்த நேரத்துல, நான் நின்னுக்கிட்டு இருந்தேன்னு அது எப்படிச் சொல்லுச்சு?”

எனக்குப் பதில் வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பின்னால் நான் அலைந்த கதை. அலைந்ததில் கொஞ்சம் சரித்திரமும் ஒட்டிக்கொண்டது.

முதலில் ஒரு எளிய சோதனை. மழை விட்ட ஒரு நாள் ஏரிக்கரைக்குப் போய், போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, இடத்தை மட்டும் காட்டும் ஒரு செயலியைத் திறந்தேன். டேட்டா இல்லை, சிம் வேலை செய்யவில்லை, வைஃபை இல்லை. இரண்டு நிமிடம் ஒன்றும் வரவில்லை. பிறகு எண்கள் வந்தன. வடக்கே 13 பாகைக்குக் கொஞ்சம் குறைவு, கிழக்கே 80 பாகைக்குக் கொஞ்சம் குறைவு. பென்னலூரில் ஒரு பொறியியல் கல்லூரி இருக்கிறது, வருடத்துக்குப் பல நூறு பேர் படித்து வெளியே வருகிறார்கள். நான் அந்த மதிலுக்கு வெளியே நின்று இதைக் கண்டுபிடித்துக் கொண்டிருந்தேன்!

விஷயம் இவ்வளவுதான். ஜிபிஎஸ் கருவி எதையும் அனுப்புவதில்லை. கேட்க மட்டும் செய்கிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் ‘நான் இன்னார், நான் இருக்கும் இடம் இது, இப்போது மணி இது’ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் சத்தம் கீழே வந்து சேர ஒரு விநாடியில் பத்து சதவீத நேரம்கூட ஆகாத சிறு தாமதம் பிடிக்கும். அந்தத் தாமதத்தை அளந்தால் தூரம் தெரியும். நான்கு செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் நாம் நிற்கும் இடம் தெரியும். கோவில் ஒலிபெருக்கியைக் கேட்டே எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று சொல்லிவிடுகிற மாதிரி. கோவிலுக்கு நாம் கேட்பது தெரியாது.

அப்படியானால் நெட் எதற்கு? இரண்டு காரியத்துக்கு. ஒன்று, செயற்கைக்கோள்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்ற பட்டியலைச் சீக்கிரம் இறக்கிக்கொள்ள. வானத்திலிருந்தே அந்தப் பட்டியல் வருகிறது, ஆனால் விநாடிக்கு 50 பிட் வேகத்தில், ஆமை மாதிரி. எனக்கு ஏரிக்கரையில் ஆன இரண்டு நிமிடம் அதற்குத்தான். இரண்டாவது, வரைபடப் படங்களை இறக்க. எண்ணைக் கண்டுபிடிக்க நெட் வேண்டாம், அந்த எண்ணுக்குப் பின்னால் சாலையையும் டீக்கடையையும் வரைந்து காட்டத்தான் வேண்டும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் அதுவும் தேவையில்லை. இன்னொருவருக்கு நம் இடத்தைச் சொல்ல வேண்டும் என்றால் மட்டும் டவரோ வேறு ஏதாவது வழியோ வேண்டும்.

நான் குழப்பிக்கொண்டது இங்கேதான். நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்குத் தெரிவது வேறு, அது இன்னொருவருக்குத் தெரிவது வேறு. ஒரே சொல்லால் இரண்டையும் சொல்லிப் பழகிவிட்டோம். இந்த இரண்டும் இரண்டு வெவ்வேறு சரித்திரங்கள். இரண்டும் எங்கள் ஊருக்கு மிகப் பக்கத்தில் நடந்தவை.

இடத்தை அறிவது அடிப்படையில் மணி பார்க்கும் வேலை. பூமி ஒரு நாளில் ஒரு சுற்று சுற்றுகிறது, அதாவது நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை. இங்கே உச்சிவெயில் அடிக்கும்போது கிரீன்விச்சில் மணி என்ன என்று தெரிந்தால், நாம் எவ்வளவு கிழக்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் கட்டியது இதற்காகத்தான். நட்சத்திரங்கள் மேல் காதல் கொண்டல்ல, கப்பல்கள் கரை தட்டாமல் இருக்க. கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் அங்கே வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் லத்தீனோடு தமிழிலும் எழுத்து பொறித்திருக்கிறார்கள். அங்கே ஓடிய ஷெல்டன் கடிகாரம் பிறகு கொடைக்கானலுக்குப் போய்விட்டது.

கிரீன்விச்சுக்குச் சுமார் 5 மணி 21 நிமிடம் முந்தியது மதராஸ் நேரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்கள் இந்த நேரத்தில்தான் ஓடின. தந்திக் கம்பி வழியே நேரம் ஊர் ஊராகப் போனது. பம்பாய்க்காரர்களும் கல்கத்தாக்காரர்களும் தங்கள் சூரியனை விட்டுக்கொடுக்காமல் முரண்டு பிடித்தார்கள். 1906-ல் ஐந்தரை மணி நேரக் கணக்கு வந்தது. இந்த ஐந்தரை மணி நேரம் என் நோட்டு விஷயத்தில் பின்னால் வந்து வம்பு செய்யப் போகிறது, அதனால்தான் சொல்லி வைக்கிறேன்.

பென்னலூரிலிருந்து நேர் கிழக்கே, வான்வழியில் சுமார் 25 கிலோமீட்டரில் பரங்கிமலை. 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி அதன் அருகே சமதரையில் வில்லியம் லாம்டன் ஓர் எஃகுச் சங்கிலியை நீட்டினார். நூறு அடி நீளம், நாற்பது கண்ணிகள். சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டு போய், அங்கே எடுபடாமல் திரும்பி வந்த சங்கிலி என்பது அதன் பூர்வகதை. பெரும்பாக்கம் குன்றுப் பக்கம் வரை சுமார் ஏழரை மைல். ஐம்பத்தேழு நாள் அளந்தார்கள். வெயிலில் எஃகு நீளும் என்பதால் பெட்டிகளில் வைத்து, நிழல் கட்டி, வெப்பமானி பார்த்துப் பார்த்து. அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகப் பின்னிக்கொண்டே போனதுதான் பிற்பாடு இமயமலை வரை நீண்ட மாபெரும் முக்கோண அளவை.

லாம்டன் ஆள் எப்படிப்பட்டவர் என்பதற்கு அதற்கு முந்தைய ஒரு சம்பவம் உண்டு. 1799, ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகைக் காலம். ஜெனரல் பெயர்டின் படை இருட்டில் நடந்துகொண்டிருந்தது, வடக்கே போகிறோம் என்று நினைத்துக்கொண்டு. லாம்டன் வானத்தைப் பார்த்தார். சப்தரிஷி மண்டலம் இருந்த திசையை வைத்து, படை தெற்கே, நேராக திப்புவின் ஆட்களை நோக்கிப் போகிறது என்று சொன்னார். பெயர்டு முதலில் நம்பவில்லை. பிறகுதான் திசைமானி பார்த்துத் திரும்பினார்கள். வானம் சொல்கிறது, கீழே ஒருவன் கேட்கிறான், அவ்வளவுதான். டேட்டா கார்டு இல்லை.

முக்கோண அளவையின் பெருமைகளை எல்லோரும் எழுதியாகிவிட்டது. அரை டன் தியோடலைட் கருவியைத் தஞ்சைப் பெரிய கோவில் கோபுரத்தில் ஏற்றியபோது 1808-ல் கயிறு அறுந்து மோதி நசுங்கியதும், லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு ஆறு வாரம் அதைத் தட்டிச் சரிசெய்ததும், மதராஸிலிருந்து மங்களூர் வரை அளந்து பார்த்தால் தீபகற்பத்தின் அகலம் பழைய வரைபடத்தைவிட நாற்பது மைல் குறைந்துபோனதும் சுவையான கதைகள்தான். எனக்கு இப்போது வேறொருவன் மேல்தான் கண். தூரத்துக் குன்றில் கொடியோடு நிறுத்தப்பட்ட ஆள்.

தியோடலைட்டில் பார்க்க ஏதாவது தெரிய வேண்டுமே. அதற்காக இருபது முப்பது மைல் தள்ளியிருக்கும் குன்றின் உச்சிக்கு ஆட்களை அனுப்பிக் கொடி நடச் சொல்வார்கள், இரவில் விளக்கு காட்டச் சொல்வார்கள். கருங்குழி மாதிரி ஊர்களின் குன்றுகள் அப்படித்தான் புள்ளிகளாயின. கொடிக்காரனுக்குத் தன் இடத்தின் எண் தெரியாது. அசையாமல் நிற்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவருக்குத்தான் அவன் எங்கே நிற்கிறான் என்று அடிக்கணக்கில் தெரியும். லாம்டன் பெயரும் எவரெஸ்ட் பெயரும் நமக்குத் தெரிகிறது. மழையிலும் காய்ச்சலிலும் குன்றில் கிடந்தவர்களின் பெயர்கள் தெரியவில்லை.

அப்படி அளந்து எடுத்த வரைபடம் யாருக்குப் போனது? முதலில் கம்பெனிக்கு, பிறகு சர்க்காருக்கு. சுதந்திரத்துக்குப் பிறகும் பல ஆண்டுகள், கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் வரும் பகுதிகளின் விரிவான நில வரைபடங்கள் பாதுகாப்புக் காரணம் சொல்லிக் கட்டுப்படுத்தப்பட்டவை. பரங்கிமலையும் அதற்குள், பென்னலூரும் அதற்குள். விஞ்ஞான முறையில் நாட்டை அளக்கும் வேலை எந்த மண்ணில் தொடங்கியதோ, அந்த மண்ணின் வரைபடம் அங்கே குடியிருப்பவன் கடையில் கேட்டால் கிடைக்காது. 2005-ல் பொதுமக்களுக்கென்று தனி வரிசை வரைபடங்கள் என்று கொள்கை வந்தது. 2021 பிப்ரவரியில்தான் பெரிய தளர்வு. நான் அந்த நோட்டை எழுதியது அதே வருடம் நவம்பரில்.

இனி வானத்துக்குப் போவோம். 1957 அக்டோபர் 4, ஸ்புட்னிக். பீப் பீப் என்று சத்தம் மட்டும் போட்ட ஒரு பந்து. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில் கையர், வைஃபென்பாக் என்று இரண்டு பேர் அந்தச் சத்தத்தைக் கேட்டு உட்கார்ந்தார்கள். ஹாரன் அடித்துக்கொண்டே பஸ் நம்மைக் கடக்கும்போது சத்தத்தின் சுருதி இறங்குகிறதல்லவா, அதே மாதிரி ஸ்புட்னிக்கின் சுருதி ஏறி இறங்கியது. அந்த மாற்றத்தை வைத்தே அதன் பாதையைக் கணக்குப் போட்டுவிட்டார்கள். ஸ்புட்னிக் தன் இடத்தைச் சொல்லவில்லை, சத்தம் மட்டும்தான் போட்டது.

அடுத்த வருடம் அவர்களுடைய மேலாளர் ஃபிராங்க் மெக்ளூர் கணக்கைத் தலைகீழாக்கினார். நாம் இருக்கும் இடம் தெரிந்தால் அது இருக்கும் இடம் தெரிகிறது, சரி. அது இருக்கும் இடம் முதலிலேயே தெரிந்திருந்தால், நாம் இருக்கும் இடம் தெரிய வேண்டுமே? கடலுக்கடியில் அணு ஏவுகணையோடு ஒளிந்திருக்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்கு இது வரப்பிரசாதம். வாயைத் திறந்தால் எதிரிக்குத் தெரிந்துவிடும். வாயைத் திறக்காமல் தன் இடத்தை அறிய வேண்டும். 1964-ல் ட்ரான்ஸிட் என்ற பெயரில் அது கடற்படைக்கு வந்தது. அதன் வாரிசுதான் 1973-ல் திட்டமிடப்பட்டு, 1978-ல் முதல் செயற்கைக்கோள் ஏவப்பட்ட ஜிபிஎஸ். ஜிபிஎஸ் கருவி பேசாது, கேட்க மட்டும் செய்யும் என்பது ஒளிந்திருப்பவனுக்காகச் செய்த ஏற்பாடு. இன்று அதே கருவியை வைத்து ஒருவனை ஒளிய விடாமல் செய்கிறோம்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1983 செப்டம்பர் 1-ல் வழிதவறிய கொரியப் பயணிகள் விமானத்தை சோவியத் சுட்டு வீழ்த்தி 269 பேர் இறந்தார்கள். பொதுமக்களுக்கும் ஜிபிஎஸ் கிடைக்கும் என்று ரீகன் அரசு அதற்குப் பிறகு அறிவித்தது. ஆனால் வேண்டுமென்றே கலங்கலாக்கிய சத்தம், நூறு மீட்டர் வரை தப்பும். 2000 மே 1 நள்ளிரவோடு அந்தக் கலங்கலை நிறுத்தினார்கள். கார்கில் போர் நடந்த 1999-ல் அது கலங்கலாகத்தான் இருந்தது. அடுத்தவன் கடிகாரத்தை நம்பி எத்தனை நாள் என்ற கேள்வியில் பிறந்தது நம் நாவிக். 2013 ஜூலையிலிருந்து 2016 ஏப்ரல் வரை ஏழு செயற்கைக்கோள்கள், எல்லாம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. வானம் தெளிவாக இருந்தால் ராக்கெட்டின் புகைக்கோடு சென்னை மொட்டைமாடிகளில் தெரியும். அந்த ஏழில் முதலாவதில் மூன்று ரூபிடியக் கடிகாரங்களும் கெட்டுப்போயின. கடிகாரம் நின்றபின் அதனால் இடம் சொல்ல முடியாமல் போனது. 2023 மேயில் போன என்விஎஸ்-01-ல் நம் நாட்டிலேயே செய்த அணுக் கடிகாரம் இருந்தது.

எங்கள் பக்கத்துக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு உண்டு. 2006-லிருந்து 2014 நவம்பர் வரை ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஓடியது. 2010 ஜனவரியில் அந்த நிறுவனம், நெட் இல்லாமலே வழிகாட்டும் வரைபடத்தைத் தன் ஸ்மார்ட்போன்களில் இலவசமாகக் கொடுத்தது. அன்றைக்கு அது பெரிய விஷயம். ஆனால் இங்கே அதிகமாகச் செய்தவை விலை குறைந்த போன்கள், அவற்றில் ஜிபிஎஸ் கிடையாது. எங்கள் தெரு அக்கா ஒருத்தி அங்கே வேலை பார்த்தாள். பஸ் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள அவள் தெருமுனை வரைக்கும் ஓடிப்போய்த்தான் பார்ப்பாள்.

சரித்திரத்தைப் படிக்கப் படிக்க, தன் இடம் தனக்குத் தெரிவது நல்லது, பிறருக்குத் தெரிவது கண்காணிப்பு என்று சுலபமாக ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். ஒக்கிதான் அதைக் கலைத்தது.

2017 நவம்பர் 29 இரவு. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்க்காரர்கள் ஆழ்கடல் மீன்பிடிப்பில் கைதேர்ந்தவர்கள். லட்சத்தீவுக்கு அப்பாலும் போய், பல நாள் தங்கிப் பிடிப்பவர்கள். அவர்கள் படகுகளில் ஜிபிஎஸ் உண்டு. ஒரு காலத்தில் மலையையும் தேவாலயக் கூம்பையும் ஒரே கோட்டில் பார்த்து, இன்னொரு பக்கம் இன்னொரு கோடு பிடித்து, இரண்டும் வெட்டும் இடத்தில்தான் பார் இருக்கிறது என்று கண்டுபிடித்த ஆட்கள். லாம்டனின் முக்கோணம்தான், சங்கிலி இல்லாமல். நட்சத்திரமும் தெரியும். பிறகு கைக்கருவி வந்தது, அதையும் சுலபமாகப் பிடித்துக்கொண்டார்கள். நடுக்கடலில் டவர் கிடையாது. அந்தக் கருவிக்கு அது தேவையும் இல்லை.

புயல் வந்தபோது அவர்களுக்குத் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று மீட்டர் சுத்தமாகத் தெரியும். கரைக்கு அதைச் சொல்ல வழியில்லை. படகில் இருந்த வயர்லெஸ் அந்தத் தூரத்துக்கு எட்டாது. புயல் வருகிறது என்ற எச்சரிக்கையும் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. தப்பியவர்கள் லட்சத்தீவிலும் கர்நாடக, மகாராஷ்டிர, குஜராத் கரைகளிலும் போய் ஒதுங்கினார்கள். டிசம்பர் 7-ல் குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான பேர் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். தேடுங்கள் என்பதுதான் கோரிக்கை. எங்கே தேடுவது என்ற கேள்விக்கு விடை, கவிழ்ந்த படகுகளின் கருவிக்குள் எண்களாக இருந்திருக்கும். அது கடலோடு போயிற்று.

அதற்குப் பிறகு 2019-ல் ஜெமினி என்ற சின்னக் கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியே புயல் செய்தி படகுக்கு வரும், படகிலிருந்து பதில் போகாது. ஒருவழிப் பாதை. பிறகு இஸ்ரோவின் ட்ரான்ஸ்பாண்டர்கள், இவை இருவழி. 2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் படகுகளுக்கான திட்டமாக அறிவிக்கப்பட்டது. ஆபத்தில் பொத்தானை அமுக்கலாம். கடல் எல்லையை நெருங்கினாலும் அது சத்தம் போடும். ராமேஸ்வரத்துக்காரர் ஒருவர் அந்தப் பெட்டியை எப்படிப் பார்ப்பார் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். உயிரைக் காப்பாற்றுவதும் எல்லை தாண்டினால் காட்டிக்கொடுப்பதும் ஒரே பெட்டி. இரண்டில் ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ள முடியாது.

சரி, என் பஸ் டப்பாவுக்கு வருகிறேன். 2019 ஜனவரி 1-க்குப் பிறகு பதிவாகும் பயணிகள் வாகனங்களில் இடம் காட்டும் கருவி கட்டாயம். அதற்கான விதிமுறைக்கு ஏஐஎஸ் 140 என்று பெயர். தூக்கம் வரவழைக்கும் ஆவணம். ஆனால் அதில் ஒரு வரி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. டவர் இல்லாதபோது கருவி தன் நினைவகத்தில் 40,000 இடப்பதிவுகள் வரை சேர்த்து வைக்க வேண்டும். பத்து விநாடிக்கு ஒன்று என்று வைத்தால் நாலரை நாளுக்கு மேல் வரும். டவர் கிடைத்ததும் சேர்த்து வைத்ததை எல்லாம் கொட்டிவிட வேண்டும். தபால்காரர் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு, தண்ணீர் வடிந்ததும் மொத்தக் கடிதத்தையும் ஒரே நாளில் கொண்டுவருகிற மாதிரி.

ஆக டப்பா சும்மா கிடக்கவில்லை. நான் அண்ணனுக்குச் சொன்ன பதில் முழுத் தப்பு. அந்த ஐம்பத்திரண்டு நிமிடமும் அது கேட்டுக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்திருக்கிறது. சிவப்பு புள்ளி டப்பா சொன்னதே இல்லை. புதுச் செய்தி வராவிட்டால் வண்டி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளும்படி எங்கள் திரையை யாரோ அமைத்திருக்கிறார்கள். வரவில்லை என்பதை நகரவில்லை என்று படித்தது திரை, அதை அப்படியே நோட்டில் எழுதியது நான்.

சர்வர் பார்த்துக்கொள்ளும் பையனைக் கெஞ்சி அன்றைய மூலப்பதிவை வாங்கினேன். வரிசை வரிசையாக எண்கள். ஒவ்வொரு வரியிலும் இரண்டு நேரம். ஒன்று, செயற்கைக்கோள் சொன்ன நேரம். மற்றது, எங்கள் சர்வருக்கு வந்துசேர்ந்த நேரம். திரை இரண்டாவதைத்தான் பார்த்திருக்கிறது. முதலாவதைப் பார்த்தால், பஸ் பத்து விநாடிக்கு ஒரு தடவை அழகாக நகர்ந்துகொண்டே இருந்தது. மணிக்கு 35, 40. மழையில் அதற்கு மேல் ஓட்ட முடியாது.

மேனேஜரிடம் கொண்டு போனேன். அவர் முதல் வரியைப் பார்த்ததுமே சிரித்தார்.

“தேதியே தப்பா இருக்கேப்பா. ராத்திரி பன்னெண்டே காலுக்கு நடந்ததுன்ற. இதுல முந்தின நாள் தேதி போட்டு, ஆறே முக்காலுன்னு இருக்கு. இத வச்சு என்னத்த நம்புறது?”

கிரீன்விச் நேரம். நள்ளிரவு தாண்டிய பன்னிரண்டே கால் என்றால் அங்கே முந்தின நாள் சாயங்காலம் ஆறே முக்கால். ஐந்தரை மணி நேரத்தை நான் ஒரு தாளில் கூட்டிக் காண்பிக்க வேண்டியிருந்தது. நுங்கம்பாக்கத் தூணில் ஆரம்பித்து எல்லாம் சொல்லத் தோன்றியது, அடக்கிக்கொண்டேன். ஏற்றுக்கொண்டார். பிடித்த பணத்தைத் திருப்பித் தரச் சொன்னார்.

பிறகு தாளை வைக்காமல் கீழே வரை படித்துக்கொண்டே போனார்.

“இது என்ன, இங்க ரோட்ட விட்டு எறங்கியிருக்கு?”

நான் அதைப் பார்க்கவில்லை. அண்ணன் நிற்கவில்லை என்று நிரூபிக்கும் அவசரத்தில் வேகத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன். மானாம்பதிக்கு முன்னால் பஸ் மெயின் ரோட்டை விட்டு இடது பக்கம் திரும்பி, சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே போய், திரும்பி வந்திருக்கிறது. மொத்தம் ஏழு நிமிடம். ‘ரூட் மாற்றம்’ என்று அதற்குத் தனி அபராதம் உண்டு. முதலில் பிடித்ததைவிடக் குறைவுதான். ஆனால் இது பொய் இல்லை. ஆதாரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவனும் நான்.

அண்ணனிடம் நானே போய்ச் சொன்னேன். டிப்போவில் டயர் பார்த்துக்கொண்டிருந்தார். பணம் திரும்பியது, இன்னொன்று பிடித்தார்கள் என்று கேட்டுக்கொண்டார்.

“அப்ப அது பொணம் இல்ல” என்றார்.

“இல்லண்ணா.”

“எல்லாத்தையும் பாத்துக்கினு கம்முனு இருந்துருக்கு.”

எதற்கு உள்ளே போனீர்கள் என்று கேட்டேன். ஒரு பெண், இருபது வயசு இருக்கும், எப்போதும் மெயின் ரோட்டில் இறங்கி நடந்து போகும். அப்பா டார்ச் எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். அன்றைக்கு மழையில் அவர் வரவில்லை. ரோட்டில் விளக்கு இல்லை, வாய்க்கால் பொங்கி ஓடியது. போன் போட்டுப் பார்த்தால் டவரும் இல்லை.

“விட்டுட்டு வர மனசு வரல தம்பி. பஸ்ஸுல இருந்தவங்களும் உள்ள போண்ணான்னு சொன்னாங்க.”

என் போனில் அந்த எண்களைப் போட்டு வரைபடத்தைத் திறந்து அவரிடம் நீட்டினேன். மெயின் ரோடு மஞ்சளாக இருந்தது. அதிலிருந்து இடது பக்கம் வெறும் வெளிர்பச்சை. தெரு இல்லை, வீடு இல்லை, பெயர் இல்லை. வெறும் பச்சைக்கு நடுவில் ஒரு பின் குத்தி நின்றது.

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். பெரிசு பண்ணிப் பார்த்தார்.

“இங்க ஒரு புளியமரம் இருக்குது. அதத் தாண்டுனா மோட்டார் கொட்டாய். அப்பறம் ஒரு சின்னப் பாலம், அங்கதான் தண்ணி போவுது, மெதுவா எறக்கணும். இந்தா, இங்க அந்தப் பொண்ணு வூடு. எதுத்தாப்புல புள்ளையார் கோயிலு, வண்டி திருப்ப எடம் இருக்கும்.”

ஒன்றுமில்லாத பச்சையில் அவர் விரல் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போனது.